தெய்வானை அக்கா என் பெயரில் நேர்ந்த பொங்கல்

நம் கோவிலில் என்னோடு முழங்கால் படியிடும் அன்பானவர்களே,

எழும்பி நின்று பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக் குசினிக்குள் என்றால் என் வாயை மூட ஏலாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். ஆகையால் எழுதித் தருகிறேன். உலக யுத்தம் முடிந்துவிட்டது. ஆண்டவர் எனக்குச் செய்ததை இன்னும் மனதுக்குள் வைத்திருந்தால் நான் நன்றி கெட்டவளாவேன்.

1942ஆம் ஆண்டு, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று கொழும்பில் குண்டு விழுந்தது. செய்தி திருகோணமலைக்கும் வந்தது. அடுத்தது நாங்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். துறைமுகம் நிறையக் கப்பல், கரையில் எண்ணெய்த் தாங்கிகள், அங்கால் விமானத் தளம். எங்களை விட்டுவிட்டு வேறு எங்கே போவார்கள்?

அந்தக் கிழமையே வியாழக்கிழமை காலையில் வந்தார்கள். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்குத் துறைமுகத்துக் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் இயந்திரம் திருத்துகிற வேலை. பாணும் சம்பலும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வந்து அடுப்படியில் இருக்கிறேன், சைரன் ஊதுகிறது. பிறகு வீடு குலுங்கியது. இரண்டு பெண் பிள்ளைகளையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நானும் புகுந்தேன். சேசு மரி சூசை என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. வெளியே வந்து பார்த்தபோது டொக்யாட் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

அவரைத் தேடிப் போகப் பார்த்தேன். படையினர் றோட்டை மறித்து நின்றார்கள். திரும்ப விமானம் வரும், ஊரை விட்டுப் போங்கள் என்று எல்லாரும் கத்தினார்கள். நிலாவெளி றோட்டு முழுக்கச் சனம். தலையில் பெட்டி, இடுப்பில் பிள்ளை, கையில் கோழி. நாங்களும் வெளிக்கிட்டோம். நானும் பிள்ளைகளும், என் வீட்டுக்காரரின் தமக்கை அன்னம்மா மச்சாளும். மச்சாள் அரிசிச் சாக்கை மறந்துபோய் அந்தோனியார் சுரூபத்தைத் துவாயில் சுற்றித் தூக்கி வந்தவ. வழி நெடுக அதற்காக அவவை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

நாங்கள் போனது தெய்வானை அக்கா வீட்டுக்கு. அவள் நிலாவெளிக் கரையில் இருக்கிற, அம்மனைக் கும்பிடுகிற சைவக்காரி. புருசன் கரைவலை இழுக்கிறவர். அக்கா கிழமைக்கொரு தடவை கருவாட்டுக் கூடையோடு எங்கள் வாசல் படலைக்கு வருவாள். விலை பேசிச் சண்டை பிடிப்போம், பிறகு தேத்தண்ணி குடிப்போம். அப்படிப் பழகின பழக்கம். “குண்டு கிண்டு விழுந்தால் யோசிக்காத பிள்ளை, நேர என்ர வீட்டுக்கு வா” என்று முன்னமே சொல்லியிருந்தாள். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லுவார்கள். அவள் எங்களைக் கண்டதும் பாயை உதறிப் போட்டாள். கர்ப்பமாயிருந்த தன் மகள் கண்மணியை ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு உள்ளறையை எங்களுக்குத் தந்தாள்.

நாட்கள் போயின. அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பட்டினத்திலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். டொக்யாட்டில் கனபேர் போச்சுது என்றார் ஒருவர். அடையாளம் காண ஏலாதாம் என்றார் இன்னொருவர். எண்ணெய்த் தாங்கி எரிகிற புகை தெற்கு வானத்தில் நின்றது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் செபமாலையைப் பிடிப்பேன், பாதியில் விட்டுவிடுவேன். “ஆண்டவரே, அவரை எடுத்துப்போட்டு என்னிடம் தோத்திரம் எதிர்பார்க்க வேண்டாம்” என்று கோபத்தில் சொன்னதும் உண்டு. மச்சாள் காதைப் பொத்திக்கொண்டா.

பிள்ளைகள் பயந்து அழுதபோது தெய்வானை அக்கா திருநீற்றுத் தட்டோடு வந்தாள். நான் அவள் கையை மெல்லப் பிடித்தேன்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. நாங்கள் பூசுறேல்லை. நான் சிலுவை போட்டு விடுறன்.”

“சரி. உன்ர பிள்ளையள், உன்ர முறை” என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். முகம்கூடச் சுழிக்கவில்லை. இவ்வளவு லேசாக முடிந்ததே என்று எனக்கு ஆறுதலாயிருந்தது. எல்லாமே அப்படி லேசாக முடியுமென்று நினைத்தேன்.

ஒருநாள் முற்பகல். கரைவலை இழுபடுகிற நேரம். திடீரென்று கரையில் கூக்குரல். ஓடிப் போய்ப் பார்த்தேன். வலை இழுத்தவர்கள் கயிற்றை விட ஏலாமல் இழுத்தபடியே கத்துகிறார்கள், “திரேசா, உன்ர மனுசன், உன்ர மனுசன்!” ஈர மணலில் ஒருவர் நடந்து வருகிறார். இரண்டு கையிலும் கட்டு. இடுப்பில் யாரோ கொடுத்த சாரம். சவரிமுத்துதான். நெருப்பில் கை வெந்து, துறைமுகத்துக்கு மற்றப் பக்கம் ஒரு கொட்டில் ஆசுபத்திரியில் கிடந்திருக்கிறார். நாங்கள் எங்கே என்று தெரியாமல், தெய்வானை அக்கா சொன்ன சொல் நினைவு வந்து தேடி நடந்திருக்கிறார். நான் மணலில் விழுந்து கும்பிட்டேன். அன்றைக்கு அழுத அழுகையை இன்றைக்கு நினைத்தாலும் கண் நிறைகிறது. மாதாவே, நீங்கள் மகனிடம் கேட்டுக் கொடுத்தீர்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது எல்லாரும் சொல்லுகிற சாட்சிதான். நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அன்று பின்னேரம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“என்ர அம்மன் கைவிடேல்லை பிள்ளை. நான் உனக்குச் சொல்லாமல் ஒண்டு செய்தனான். இவர் உயிரோட வந்தால் திரேசா தன்ர கையால உனக்குப் பொங்குவாள் எண்டு அம்மனுக்கு நேர்ந்துபோட்டன். வாற வெள்ளிக்கிழமை பொங்குவம். அரிசி, சக்கரை எல்லாம் நான் தாறன்.”



சைவக்காரர் நடுவில் வாழ்கிற உங்களுக்கு இது விளங்கும். நேர்த்தி என்பது விளையாட்டு அல்ல. யாருடைய கையால் செய்வதாக நேர்ந்தார்களோ அவர்களுடைய கையால்தான் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் குற்றம். அந்தக் குற்றம் நேர்ந்தவளுடைய வீட்டில் விழும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அந்த வீட்டிலோ கண்மணி தலைப்பிள்ளைக்கு இருக்கிறாள். அக்கா எனக்காக அழுது, என் புருசனுக்காகத் தன் தெய்வத்திடம் போய், என் பெயரில் நேர்ந்திருக்கிறாள். எனக்கோ ஆண்டவர் கட்டளையிட்ட முதற் கற்பனை இருக்கிறது. சர்வேசுரன் ஒருவருக்கே ஆராதனை. அதைச் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடமாய்ச் சொன்னேன். அப்போது அது இவ்வளவு பாரமாய் இருக்கவில்லை.

“அக்கா, அது மட்டும் என்னால ஏலாது” என்றேன்.

அவள் முகம் மாறியது. “ஏன் ஏலாது? அரிசி கழுவத் தெரியாதோ?”

“தெரியும். அம்மனுக்கெண்டு பொங்க ஏலாது.”

அவள் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு வந்தது, கறி வந்தது, கதை வரவில்லை. சோற்றுக் கோப்பையை வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அது கைவந்தது. பேசாமல் சோறு போடுகிறவளை என்ன செய்வது? 

என் வீட்டுக்காரர் நல்ல மனுசன். ஆனால் சண்டை என்றால் ஓடி ஒளிகிறவர். “பொங்கிப் போடன் திரேசா. ஆருக்குத் தெரியப்போகுது? மனசுக்குள்ள சேசுவை நினைச்சுக்கொண்டு பொங்கு. இவையள் இல்லாட்டி என்ர பிள்ளையள் றோட்டில எல்லோ நிண்டிருக்கும்” என்றார்.

அன்னம்மா மச்சாள் அதற்கு நேர் எதிர். “அது பேய்க்குச் செய்யிற காரியம் எண்டு அவளுக்கு முகத்துக்கு நேர சொல்லு. வேதசாட்சிகள் உயிரையே குடுத்தவை. நீ ஒரு கருவாட்டுக்காரிக்குப் பயப்படுறியோ?” என்றா. அந்தக் கருவாட்டுக்காரி போட்ட பாயில் சம்மணம் கட்டி இருந்துகொண்டுதான் சொன்னா.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் சரி இருந்தது. அதுதான் தொல்லை. ஆண்டவரை மறுதலிக்காமல் இருக்க வேண்டும், அது சரி. எங்களைக் காத்த மனுசியின் நெஞ்சை உடைக்காமல் இருக்க வேண்டும், அதுவும் சரி. சரியும் சரியும் எனக்குள் மோதிக்கொண்டன. எங்கள் கோவிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியாரைக் கேட்போம் என்றால் பட்டினத்துக்குப் போகிற பாதை இன்னும் ஒழுங்காய்த் திறக்கவில்லை.

கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளத்தின் நிழலில் போய் முழங்கால் படியிட்டேன். முந்தி அவருக்காகக் கேட்டபோது கோபமாய்க் கேட்டேன். இந்த முறை கோபமில்லை. களைத்துப் போயிருந்தேன். “ஆண்டவரே, உம்மை விடவும் ஏலாது, இவளை விடவும் ஏலாது. எனக்கு ஒரு சொல் தாரும். உம்மையும் மறைக்காத சொல், இவளையும் குத்தாத சொல்” என்றேன். அவ்வளவுதான் செபம். கடற்சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நான் எழும்பி மணலைத் தட்டும்போது கண்மணி வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வள்ளத்தில் சாய்ந்து நின்றாள். தாய்க்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்று பார்வையிலேயே தெரிந்தது.

“அக்கா, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. பொங்காட்டி அம்மன் கோவிக்கும் எண்டு உங்களுக்குப் பயமில்லையோ?”

“இல்லைப் பிள்ளை.”

“எனக்குப் பயமாயிருக்கு. அம்மா இரவில எழும்பி எழும்பி என்ர வயித்தைத் தொட்டுப் பாக்கிறா.”

இந்தச் சொல் என்னைப் போட்டு உலுக்கியது. நான் இவ்வளவு நாளும் பொங்கலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பொங்கலாமா, பொங்கக்கூடாதா, என்ன சொல்லி மறுக்கலாம் என்று. அக்காவோ ஒவ்வொரு நாளும் பயத்தோடு படுத்து எழும்புகிறாள். அவளுக்கு என்னோடு கோபமில்லை. பயம். தன் பிள்ளையின் வயிற்றுக்குப் பயம். எனக்காக இரங்கினதால் வந்த பயம். பொங்க மாட்டேன் என்று நான் சொன்னது அவளுடைய காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. உன் மகளுக்கு என்ன நடந்தாலும் எனக்கென்ன என்று விழுந்திருக்கும்.

கண்மணியையும் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். வழியில் என்ன சொல்வதென்று நான் ஆயத்தம் செய்யவில்லை. அக்கா குசினி வாசலில் செதில் சீவி மீன் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

“அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. நான் அம்மனுக்குப் பொங்கினால் அது பொய்ப் பொங்கல். கை பொங்கும், மனம் பொங்காது. நான் அழுது கேட்டது சேசுவிட்ட. தந்ததும் அவர்தான் எண்டு நம்புறன். அதை மறைச்சுப்போட்டு உங்கட வீட்டில நான் எப்பிடிச் சாப்பிடுறது?”

அவள் கத்தியை நிறுத்தினாள். நிமிரவில்லை.

“ஆனா நீங்கள் நேர்ந்தது என்ர மனுசனுக்காக. அதில குற்றமெண்டு ஏதும் இருந்தால் அது கண்மணிக்கு வேண்டாம். என்ர தலையில விழட்டும். நான் இப்ப உங்களுக்கு முன்னால என்ர ஆண்டவரிட்டச் சொல்லுறன், இந்த வீட்டுக்கு வாறது என்னவெண்டாலும் எனக்கு வரட்டும் எண்டு. நான் ஏற்கிறன்.”

அந்தக் குற்றத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுடைய பயம் நிசமான பயம். அதைச் சுமக்க எனக்குத் தடை என்ன?

அக்கா தலையைத் தூக்கினாள். 

“உனக்கும் ரெண்டு குஞ்சுகள் இருக்கு. பயமில்லாமல் இப்பிடிச் சொல்லுவியோ?”

“என்னைப் பாத்துக்கொள்ள ஆள் இருக்கு அக்கா. நாங்கள் கும்பிடுறவர் மற்றவையின்ர குற்றத்தையெல்லாம் தன்ர தலையில வாங்கிக்கொண்டு செத்தவர். அதாலதான் எங்கட கழுத்தில சிலுவை கிடக்கு. நான் செய்யிறது அவர் செய்ததில ஒரு துளி.”

சகோதரரே, சத்தியமாய்ச் சொல்லுகிறேன், அந்தச் சொல் என்னுடையது அல்ல. சின்ன வயதிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டு வந்தவள் நான். அதன் அர்த்தம் என் வாயிலிருந்து வந்து என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். வள்ளத்தடியில் கேட்ட சொல் குசினி வாசலில் கிடைத்தது.

“உங்களுக்குச் சம்மதமெண்டால் பிள்ளைக்காக என்ர முறையில ஒருக்கா செபிக்கட்டோ?” என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். கண்மணியின் தலையில் கை வைத்துச் செபித்தேன். நீட்டவில்லை. இந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் சமாதானம் தாரும் என்று கேட்டேன். கண்மணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பின்னால் மச்சாள் ஆமென் என்று சொன்ன சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அக்கா மீனை எடுத்துத் திரும்பத் துடைக்கத் தொடங்கினாள். என்னைப் பாராமலே சொன்னாள்.

“பொய்ப் பொங்கல் எனக்கும் வேண்டாம். நேர்ந்த வாய் என்ர வாய். நானே போய் அம்மனிட்டச் சொல்லிப்போட்டுப் பொங்கிறன். அவவும் தாய்தானே. விளங்கும்.” பிறகு, “உப்புச் சிரட்டையை எடுத்துத் தா” என்றாள்.

அந்த உப்புச் சிரட்டையை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. அவள் திரும்பவும் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டாளே.

வெள்ளிக்கிழமை விடிய அவள் முழுகி, கண்மணியோடு அம்மன் கோவிலுக்குப் போனாள். நாங்கள் வீட்டில் செபமாலை சொன்னோம். அவர்கள் வெளிக்கிடுகிறபோது நான் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தேன். அது அம்மனுக்கு அல்ல, அக்காவுக்கு. மச்சாள் முணுமுணுத்தா. நான் கேளாதமாதிரி இருந்தேன்.

வெயில் ஏறும் முன் அவர்கள் திரும்பி வந்தார்கள். அக்காவின் நெற்றி நிறையத் திருநீறு. கையில் கோவிலில் படைத்த பொங்கல். அதை நேரே உள்ளே கொண்டுபோய் வைத்தாள். என்னிடம் தரவில்லை. எனக்குள் கொஞ்சம் நொந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தந்தால் வாங்க மாட்டேன், தராவிட்டாலும் நோகிறது. மனுச மனம் அப்படித்தான்.

பிறகு குசினிக்குள் போனாள். அடுப்பில் சாம்பலுக்குள் மூடி வைத்திருந்த ஒரு சின்னப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

“இது படைக்காதது பிள்ளை. கோவிலுக்குக் கொண்டு போகேல்லை. வேற பானை, வேற அரிசி. வெளிக்கிட முன்னம் உங்களுக்கெண்டு இஞ்ச வச்சுப் பொங்கினது. நீங்கள் சாப்பிடலாம்.”

அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞானோபதேசம் படிக்காத மனுசி. என் கற்பனை எதுவென்று நான் விளக்கிச் சொல்லவுமில்லை. அதைத் தானே விளங்கிக்கொண்டு, விடிய முன் எழும்பி, எனக்காக வேறு அடுப்பு மூட்டியிருக்கிறாள். என் விசுவாசத்துக்கு அவள் காவல் நின்றிருக்கிறாள். நான் அழத் தொடங்கினேன். “சுடச்சுடச் சாப்பிடு, அழுகை பிறகு” என்று அதட்டினாள். மச்சாள் மூன்று தரம் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட்டா. பானையில் பாதி அவவுக்குத்தான் போனது.

பாதை திறந்து பட்டினத்துக்கு வந்தபின், பாவசங்கீர்த்தனத்தில் நம் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொங்கலைச் சாப்பிட்டது பாவமா என்று கேட்டேன். “பொங்கலுக்கு இனிப்புப் போதுமாயிருந்ததா?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கண்மணிக்கு ஆவணியில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். என் தலையிலும் ஒன்றும் விழவில்லை. அக்கா தன் அம்மனுக்கு நன்றி சொன்னாள், நான் என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு நான் மாறிவிட்டேன். முந்தி எனக்கு விசுவாசம் என்றால் கேள்விக்குப் பதில். யாரும் கேட்டால் டக்கென்று சொல்லுவேன், வாதத்தில் வெல்லுவேன். இப்போது முதலில் எதிரில் இருக்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பார்க்கிறேன். உண்மையைக் குறைத்துச் சொல்வதில்லை. ஒரு எழுத்தும் குறைக்கவில்லை, அன்றைக்கும் குறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லுமுன் அவருடைய பாரத்தில் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். எப்போதும் முடிகிறதில்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியும்.

அன்பானவர்களே, உங்களில் பலருக்கு சைவக்காரச் சிநேகிதர், முஸ்லிம் அயலவர், கல்யாணத்தால் வந்த உறவு என்று இருப்பார்கள். பொங்கவா, விடவா, போகவா, நிற்கவா என்று நீங்களும் தவிப்பீர்கள். உள்ளதை மறைத்துச் சமாளிக்க வேண்டாம். உள்ளதைக் கல்லாக்கி எறியவும் வேண்டாம். ஒரு வள்ளத்து நிழல் கிடைத்தால் போதும், போய் முழங்கால் படியிட்டுக் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.

தெய்வானை அக்கா இன்னும் திருநீறு பூசுகிறவள்தான். ஒவ்வொரு வருசமும் அம்மனுக்குப் பொங்குகிற நாளில் எங்கள் வீட்டுக்கு அந்தச் சின்னப் பானை வரும். யுத்தம் முடிந்த இந்த வருசமும் வந்தது. படலையைத் திறந்து உள்ளே வந்து, கதிரையில் அமர்ந்து, பானையை என்னிடம் தந்துவிட்டு, வழக்கம்போல எழும்பிப் போகாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

“பிள்ளை, மற்றவையின்ர குற்றத்தைத் தன்ர தலையில வாங்கினவர் எண்டு அண்டைக்குச் சொன்னியே” என்றாள். “அவற்ற கதையை முதலில இருந்து சொல்லு. எனக்கு இண்டைக்கு அவசரமில்லை.”